பித்தப்பை நலமும் உணவும்

பித்தப்பை என்பது கல்லீரலின் கீழ்ப்புறத்தில் ஒட்டியவாறு அமைந்துள்ள, பேரிக்காய் வடிவிலான சிறிய உறுப்பு ஆகும். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து, செறிவூட்டி, உணவு சிறுகுடலை அடையும்போது வெளியேற்றுவது இதன் பணியாகும். இவ்வுறுப்பைத் தாக்கும் நோய்களுள் மிகப் பரவலாகக் காணப்படுவது பித்தப்பைக் கல் ஆகும். உணவு வகை, உண்ணும் ஒழுங்கு, உடல் எடை, உடலுழைப்பு ஆகியவை கற்கள் உருவாகும் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. ஆனால் ஏற்கெனவே உருவாகிவிட்ட கல்லைக் கரைக்கும் ஆற்றல் எந்த உணவுக்கும், எந்த மூலிகைக்கும் இருப்பதாக மனிதர்களிடம் நிறுவப்படவில்லை. "கல் வராமல் காத்தல்", "வந்த கல்லை நீக்குதல்" ஆகிய இவ்விரண்டும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றாகக் கருதுவதால் சிகிச்சை தாமதமாகி, ஆபத்து விளைவதுண்டு.

சொல் விளக்கம்

"பித்தம்" என்னும் சொல் தமிழில் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றும் உடலின் அடிப்படைக் கூறுகளாகக் கொள்ளப்படுகின்றன. தலைச்சுற்றல், குமட்டல், வாய்க்கசப்பு, இளநரை முதலியவை பித்தத்தால் வருவன எனப் பேச்சு வழக்கில் கூறப்படுவது இக்கோட்பாட்டின் வழி வந்ததாகும். இன்றைய உடற்கூற்றியலில் பித்தம் அல்லது பித்தநீர் என்பது கல்லீரல் சுரக்கும், பச்சை கலந்த மஞ்சள் நிற நீர்மத்தை மட்டுமே குறிக்கும். ஆகவே பித்தத்தைத் தணிக்கும் எனச் சொல்லப்படும் நெல்லிக்காய், இஞ்சி, சீரகம் முதலியவை பித்தப்பைக் கல்லைக் குணப்படுத்தும் எனப் பொருள் கொள்வது பொருந்தாது. இக்கட்டுரையில் இச்சொல் உடற்கூற்றியல் பொருளிலேயே கையாளப்படுகிறது.

"கொலஸ்டிரால்" என்னும் சொல்லின் பிறப்பும் பித்தப்பைக் கல்லோடு தொடர்புடையது. கிரேக்க மொழியில் "கொலே" என்பது பித்தத்தையும் "ஸ்டீரியோஸ்" என்பது திண்மத்தையும் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பித்தப்பைக் கற்களில் இருந்தே இப்பொருள் முதன்முதலில் இனங்காணப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதற்குக் "கொலஸ்டரின்" எனப் பெயரிட்டார்.

அமைப்பும் செயற்பாடும்

வளர்ந்த ஒருவரின் பித்தப்பை ஏறத்தாழ 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுடையது. இதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை ஆகும். கல்லீரல் நாள்தோறும் ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. உணவு உண்ணாத நேரங்களில் இதன் ஒரு பகுதி பித்தப்பைக்குள் சென்று தங்குகிறது. பித்தப்பையின் உட்சுவர் அதிலுள்ள நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொள்வதால் பித்தநீர் பல மடங்கு செறிவடைகிறது. சிறிய பை ஒன்று இவ்வளவு பித்தநீரைக் கையாள முடிவதற்கு இதுவே காரணமாகும்.

பித்தநீரின் பெரும்பகுதி நீர் ஆகும். அதில் பித்த உப்புகள், லெசித்தின் முதலான பாஸ்போகொழுப்புகள், கொலஸ்டிரால், பிலிருபின் என்னும் நிறமி ஆகியவை கலந்துள்ளன. பித்த உப்புகள் சவர்க்காரத்தைப் போலச் செயற்பட்டு, கொழுப்பை மிகச் சிறிய துளிகளாகப் பிரித்துச் செரிமானத்திற்கு உதவுகின்றன. பணி முடிந்த பித்த உப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலை அடைகிறது.

உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலை அடைந்தவுடன் அங்கிருந்து கொலிசிஸ்டோகைனின் என்னும் இயக்குநீர் குருதியில் கலக்கிறது. இது பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. அதே வேளையில் பித்தநாளத்தின் முடிவிலுள்ள ஒட்டி சுருக்குத்தசையைத் தளரச் செய்கிறது. இதனால் பித்தநீர் குடலுக்குள் பாய்கிறது. உணவு வராவிட்டால் பித்தப்பை முழுமையாகச் சுருங்குவதில்லை. உண்ணும் ஒழுங்குக்கும் பித்தப்பை நலத்திற்கும் உள்ள தொடர்பை அறிவதற்கு இச்செயன்முறையே அடிப்படையாகும்.

கற்கள் உருவாகும் விதம்

பித்தப்பைக் கற்கள் முக்கியமாக இரு வகைப்படும்.

1. கொலஸ்டிரால் கற்கள். இவை பெரும்பாலும் மஞ்சள் நிறமுடையவை. மேலை நாடுகளில் காணப்படும் கற்களுள் பெரும்பான்மையானவை இவ்வகையினவே.
2. நிறமிக் கற்கள். இவை பிலிருபினும் சுண்ணமும் சேர்ந்து உருவாகுபவை. கருநிறக் கற்கள், சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதையும் நோயாளிகளிடமும் கல்லீரல் இழைநார் வளர்ச்சி உடையோரிடமும் தோன்றுகின்றன. பழுப்பு நிறக் கற்கள் பித்தநாளத்தில் ஏற்படும் தொற்றுடன் தொடர்புடையவை.

கொலஸ்டிரால் நீரில் கரையாத பொருள் ஆகும். பித்த உப்புகளும் லெசித்தினும் சேர்ந்து அதனைச் சூழ்ந்துகொள்வதாலேயே அது பித்தநீரில் கரைந்த நிலையில் இருக்கிறது. இம்மூன்றின் விகிதம் எந்த எல்லையைத் தாண்டினால் கொலஸ்டிரால் படிகமாகும் என்பதை 1968 இல் அட்மிராண்டு, சுமால் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முக்கோண வரைபடத்தின் மூலம் விளக்கினர். கல் உருவாவதற்குப் பொதுவாக மூன்று நிலைமைகள் ஒன்றுசேர வேண்டும்:

* பித்தநீரில் கொலஸ்டிரால் அளவுக்கு மிஞ்சிச் சேர்தல்
* சிறு படிகங்கள் தோன்றிப் பித்தப்பையின் சளியில் ஒட்டிக்கொள்ளுதல்
* பித்தப்பை போதிய அளவு சுருங்காமல் பித்தநீர் தேங்கி நிற்றல்

உணவும் வாழ்க்கை முறையும் முதல் நிலைமையிலும் மூன்றாம் நிலைமையிலும் தாக்கம் செலுத்தவல்லவை. படிகம் ஒருமுறை இறுகிக் கல்லாகிவிட்ட பின்னர், உண்ணும் உணவு அதனை நேரடியாகத் தொடுவதில்லை. உணவுக் குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் வழியே செல்லும் உணவோ சாறோ பித்தப்பைக்குள் நுழைவதில்லை. எனவே தக்காளி விதை, கத்தரி விதை போன்றவை பித்தப்பையில் சேர்ந்து கல்லாகின்றன என்னும் நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை.

குருதியில் கொலஸ்டிரால் மிகுதியாக உள்ளவர்களுக்குக் கட்டாயம் கல் உண்டாகும் என்பதும் சரியன்று. குருதியில் டிரைகிளிசரைடு கூடுதலாகவும் எச்.டி.எல். குறைவாகவும் இருப்பதே கற்களோடு தொடர்புடையதாக அறியப்பட்டுள்ளது.

பரவலும் இடர்க் காரணிகளும்

பித்தப்பைக் கற்கள் உலகெங்கும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடமும், சிலி நாட்டு மக்களிடமும் இவை மிக அதிகமாகக் காணப்படுகின்றன. இந்தியாவிற்குள்ளும் வேறுபாடு உண்டு. இரயில்வே ஊழியர்களிடையே மல்கோத்ரா என்னும் மருத்துவர் நடத்தி 1968 இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியரைவிட வட இந்தியரிடம் இந்நோய் பல மடங்கு மிகுதி எனக் காட்டியது. வட இந்தியாவில் கொலஸ்டிரால் கற்களும், தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. கற்களின் வகை இடத்திற்கு இடம் வேறுபடுவதால், மேலை நாட்டு உணவு ஆய்வுகளின் முடிவுகளை எல்லோருக்கும் அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

பின்வருவோருக்குக் கற்கள் உண்டாகும் வாய்ப்பு கூடுதலாகும்:

* பெண்கள், குறிப்பாகக் கருவுற்றவர்களும் பலமுறை கருவுற்றவர்களும். ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்டிராலைக் கூட்டுகிறது. புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது.
* 40 வயதைக் கடந்தவர்கள்
* உடல் பருமன் உடையவர்கள், குறிப்பாக வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள்
* மிக விரைவாக எடை குறைந்தவர்கள்
* நீரிழிவு நோய் உடையவர்கள்
* நெருங்கிய உறவினரில் பித்தப்பைக் கல் உடையவர்கள்
* தலசீமியா, அரிவாளணுச் சோகை முதலிய குருதி நோய்கள் உடையவர்கள்
* நெடுநாள் வாய்வழி உணவின்றி நரம்பு வழியே ஊட்டம் பெறுபவர்கள்

வயது, பால், மரபு ஆகியவற்றை மாற்ற இயலாது. குருதி நோய்களால் உருவாகும் நிறமிக் கற்களை உணவுக் கட்டுப்பாட்டால் தடுக்கவும் இயலாது. அத்தகையோர் தமது உணவுத் தவறே நோய்க்குக் காரணம் எனக் கருத வேண்டியதில்லை.

தடுப்பில் உணவின் பங்கு

உணவுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் உள்ள தொடர்பு பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி, பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்து வந்த ஆய்வுகளில் இருந்து கிடைத்தவை. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை உறுதியாக நிறுவுவதில்லை. கீழே தரப்படுபவை இவ்வரம்புக்கு உட்பட்டே கொள்ளத்தக்கவை.

உண்ணும் ஒழுங்கு

நெடுநேரம் உண்ணாதிருக்கும்போது பித்தநீர் பித்தப்பையில் தேங்குகிறது. இரவு உணவுக்கும் மறுநாள் முதல் உணவுக்கும் இடைப்பட்ட நேரம் நீண்டிருந்த பெண்கள், பித்தப்பைக் கல் நோயால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என அமெரிக்காவில் 1991 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே காலை உணவை வழக்கமாகத் தவிர்ப்பதும், நாளொன்றுக்கு ஒரே வேளை மிகுதியாக உண்பதும் கல் உருவாகும் வாய்ப்பு உடையோருக்கு ஏற்றவை அல்ல. எப்போதாவது ஒருநாள் நோன்பு இருப்பதை இதனோடு ஒப்பிட வேண்டியதில்லை.

எடைக்குறைப்பின் வேகம்

உடல் பருமன் ஓர் இடர்க் காரணி ஆகும்; ஆனால் அதனை மிக விரைவாகக் குறைப்பதும் ஓர் இடர்க் காரணியே. உடலில் சேமித்த கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் கூடுதலான கொலஸ்டிராலைப் பித்தநீரில் சேர்க்கிறது. உண்ணும் அளவு குறைவாக இருப்பதால் பித்தப்பையும் சரிவரச் சுருங்குவதில்லை. வாரத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோகிராமுக்கு மேல் எடை குறைப்போரிடம் இவ்வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது. நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவுத் திட்டங்களை மேற்கொள்வோரிலும், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டோரிலும் சில மாதங்களுக்குள்ளேயே புதிய கற்கள் தோன்றுவது நன்கு அறியப்பட்டதாகும். வாரத்திற்கு அரை கிலோகிராம் அளவில் படிப்படியாகக் குறைப்பது பாதுகாப்பானது. விரைந்த எடைக்குறைப்பு மருத்துவக் காரணத்தால் தேவைப்படும்போது, உர்சோடீஆக்சிகோலிக் அமிலம் என்னும் மருந்தைத் தடுப்பாக வழங்கும் முறை உண்டு.

கொழுப்பு

பித்தப்பை நலத்திற்குக் கொழுப்பை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது பரவலான தவறான கருத்து ஆகும். ஓரளவு கொழுப்பு இருந்தால்தான் பித்தப்பை சுருங்கித் தன்னிடமுள்ள பித்தநீரை வெளியேற்றும். விரைந்த எடைக்குறைப்பில் இருந்தோரிடம் நடந்த ஆய்வுகளில், உணவில் ஓரளவு கொழுப்பு சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கற்கள் குறைவாகவே தோன்றின. குறைக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பையும், செயற்கையாக ஐதரசன் ஏற்றிய வனஸ்பதி போன்றவற்றில் உள்ள டிரான்ஸ் கொழுப்பையும் ஆகும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மீன், கொட்டைப் பருப்புகள் ஆகியவற்றில் உள்ள நிறைவுறாக் கொழுப்பை அளவோடு உண்பதில் தவறில்லை.

நார்ச்சத்தும் மாவுச்சத்தும்

சர்க்கரை, மைதா போன்ற தீட்டிய மாவுச்சத்து மிகுந்த உணவு கற்களோடு தொடர்புடையதாகப் பல ஆய்வுகளில் காணப்பட்டது. தவிடு நீக்காத தானியங்கள், காய்கறிகள், கீரைகள், பழங்கள் ஆகியவற்றை மிகுதியாக உண்பவரிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது. கேழ்வரகு, கம்பு, தினை, கைக்குத்தல் அரிசி ஆகியவை நார்ச்சத்துள்ள உணவு வகைகளுக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

கொட்டைப் பருப்புகளும் காப்பியும்

நிலக்கடலையும் உட்பட, பாதாம், அக்ரூட் போன்ற கொட்டைப் பருப்புகளை அடிக்கடி உண்போரிடம் பித்தப்பை நோய் குறைவாக உள்ளதாக அமெரிக்காவில் ஆண்களிடமும் பெண்களிடமும் நடந்த ஆய்வுகள் 2004 இல் தெரிவித்தன. காப்பி பற்றிய ஆய்வு 1999 இல் வெளியானது. ஏறத்தாழ 46,000 ஆண்களைப் பத்தாண்டுகள் கவனித்ததில், நாள்தோறும் இரண்டு மூன்று கோப்பை காப்பி அருந்துவோரிடம் அறிகுறி காட்டும் பித்தப்பைக் கல் குறைவாக இருந்தது. காஃபீன் நீக்கிய காப்பியில் இத்தொடர்பு காணப்படவில்லை. எனினும், கல் தடுப்புக்காகக் காப்பி அருந்தத் தொடங்குமாறு மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே கல் உள்ளவருக்குக் காப்பி பித்தப்பையைச் சுருங்கச் செய்து வலியைத் தூண்டவும் கூடும்.

உடலுழைப்பு

உணவோடு நேரடித் தொடர்பு இல்லாவிடினும், உடற்பயிற்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. விரைந்த நடை, ஓட்டம், மிதிவண்டி ஓட்டுதல் போன்றவற்றை வழக்கமாகச் செய்வோரிடம் கற்கள் குறைவாகக் காணப்படுகின்றன. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுக் கழகத்தின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் நலமான உணவு, வழக்கமான உடலுழைப்பு, சரியான உடல் எடை ஆகிய மூன்றையுமே தடுப்பு முறைகளாகக் குறிப்பிடுகிறது.

கற்கள் உள்ளவர்களுக்கான உணவு

பித்தப்பைக் கற்கள் உள்ளவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் எந்த அறிகுறியும் இன்றி வாழ்கின்றனர். வேறொரு காரணத்திற்காக வயிற்று ஸ்கேன் எடுக்கும்போதே பலருக்குக் கல் இருப்பது தெரியவருகிறது. அறிகுறி இல்லாத நூறு பேரில் ஆண்டுக்கு ஒருவர் முதல் நால்வர் வரையே அறிகுறிகளை அடைகின்றனர். இத்தகையோருக்குத் தனி உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. மேலே கூறிய பொதுவான நலவுணவே போதுமானது.

வலி வந்தவர்களுக்கு நிலைமை வேறு. கொழுப்பு மிகுந்த உணவு பித்தப்பையை வலிவாகச் சுருங்கச் செய்யும்போது, கல் பித்தப்பையின் கழுத்தில் சிக்கி வலியைத் தூண்டக்கூடும். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலத்தில் பின்வருவன உதவலாம்:

* எண்ணெயில் பொரித்தவற்றையும் கொழுப்பு மிகுந்த இறைச்சி உணவுகளையும் தவிர்த்தல்
* ஒரே வேளையில் மிகுதியாக உண்ணாமல் சிறிது சிறிதாக உண்ணுதல்
* எந்த உணவு தமக்கு வலியைத் தருகிறது எனக் குறித்து வைத்து, அதனை மட்டும் விலக்குதல்

பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வலியைத் தூண்டும் உணவையும் பானத்தையும் பித்தப்பை நீக்கப்படும் வரை தவிர்க்குமாறு கூறுகிறது. இம்முறை வலியைக் குறைக்க உதவலாமே தவிர, கல்லின் அளவைக் குறைப்பதில்லை. வலி நின்றுவிட்டதால் கல் கரைந்துவிட்டது எனக் கொள்வது தவறாகும்.

இயற்கை மருத்துவ முறைகள்

எண்ணெய், எலுமிச்சைக் கழுவல்

பித்தப்பையைக் "கழுவுதல்" என்னும் பெயரில் பல நாடுகளில் பரவியுள்ள முறை இது. சில நாட்கள் ஆப்பிள் சாறு அருந்தி, பின்னர் பெருமளவு ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடிப்பது இதன் சாரம். சிலர் இதனுடன் பேதிக்கான எப்சம் உப்பையும் சேர்க்கின்றனர். மறுநாள் மலத்தில் பச்சை நிற உருண்டைகள் வெளிவருகின்றன. இவையே கற்கள் எனக் காட்டப்படுகின்றன.

2005 இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இருவர், இம்முறையைக் கையாண்ட பெண் ஒருவரிடமிருந்து பெற்ற உருண்டைகளை ஆய்ந்து, முடிவை லான்செட் இதழில் வெளியிட்டனர். அவ்வுருண்டைகளில் கொலஸ்டிராலோ, பிலிருபினோ, சுண்ணமோ இல்லை. அவற்றில் முக்கால் பங்கு கொழுப்பு அமிலங்களே. 40 பாகை செல்சியசில் பத்து நிமிடங்கள் வைத்ததும் அவை பச்சை எண்ணெயாக உருகிவிட்டன. குடித்த எண்ணெய் செரிமான நொதிகளால் கொழுப்பு அமிலமாக மாறி, எலுமிச்சைச் சாற்றிலுள்ள பொட்டாசியத்துடன் சேர்ந்து சவர்க்காரக் கட்டிகளாகியிருந்தது. அப்பெண்ணின் பித்தப்பையில் இருந்த உண்மையான கற்கள் பின்னர் அறுவை மூலமே அகற்றப்பட்டன. கற்கள் உள்ளவர் இம்முறையைக் கையாள்வது ஆபத்தானது. பெருமளவு எண்ணெய் பித்தப்பையை வலிவாகச் சுருக்குவதால் சிறு கல் நகர்ந்து பித்தநாளத்தை அடைக்கக்கூடும்.

மஞ்சள்

மஞ்சளிலுள்ள குர்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பது உண்மையே. நலமுள்ளோரிடம் நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஓர் ஆய்வில், 20 மில்லிகிராம் குர்குமின் உட்கொண்ட பின் பித்தப்பையின் கொள்ளளவு குறைந்தது மீயொலி ஆய்வில் காணப்பட்டது. இப்பண்பு பித்தநீர் தேங்காமல் இருக்க உதவலாம். ஆனால் இதே காரணத்தால், கல் உள்ளவர்களும் பித்தநாள அடைப்பு உள்ளவர்களும் குர்குமின் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என எச்சரிக்கப்படுகிறது. சமையலில் சேர்க்கும் சிறிதளவு மஞ்சளுக்கு இது பொருந்தாது.

வெந்தயம், பூண்டு, வெங்காயம்

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிகளிடம் நடந்த ஆய்வுகள் 2009 அளவில் வெளியாயின. கொலஸ்டிரால் மிகுந்த உணவுடன் வெந்தயமோ, பூண்டோ, வெங்காயமோ சேர்த்துக் கொடுக்கப்பட்ட எலிகளில் கற்கள் குறைவாகத் தோன்றின. இவை ஊக்கமளிக்கும் முடிவுகளே. ஆயினும் எலியில் கிடைத்த முடிவை மனிதருக்கு உரியதாகக் கொள்ள இயலாது.

வாழைத்தண்டும் சிறுநீரகக் கல்லும்

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில் ஆகியவை தமிழர் வழக்கில் சிறுநீரகக் கல்லுக்குரியவை. "கல்" என்னும் பொதுச்சொல்லால் இவை பித்தப்பைக் கல்லுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவ்விரு கற்களும் இருக்கும் இடத்தாலும் ஆக்கப் பொருளாலும் வேறுபட்டவை. சிறுநீரகக் கல் பெரும்பாலும் சுண்ண ஆக்சலேட்டால் ஆனது. சிறியதாயின் சிறுநீருடன் வெளியேறும். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பில்லை. ஆகவே நிறைய நீர் அருந்தினால் பித்தப்பைக் கல் அடித்துச் செல்லப்படும் என எதிர்பார்க்க முடியாது.

கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி உண்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கமாகும். காமாலை என்பது ஒரு நோய் அன்று; பல நோய்களின் அறிகுறி ஆகும். தீநுண்மத்தால் வரும் கல்லீரல் அழற்சி சில, தாமாகவே குணமாகக் கூடியவை. ஆனால் கல் பித்தநாளத்தை அடைப்பதால் வரும் காமாலை, அடைப்பு நீங்கினாலன்றித் தீர்வதில்லை. இதில் தாமதம் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே மருந்து எதுவாயினும், காமாலை கண்டவுடன் அதன் காரணத்தைக் குருதி ஆய்வாலும் மீயொலி ஆய்வாலும் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

உடனடி மருத்துவம் தேவைப்படும் அறிகுறிகள்

பித்தப்பை வலி வழக்கமாக மேல்வயிற்றின் நடுவிலோ வலப்புறத்திலோ தோன்றி, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவும். அரை மணி முதல் சில மணி நேரம் வரை நீடித்துப் பின்னர் தணியும். உணவுக்குப் பின்னரும் நள்ளிரவிலும் வருவதுண்டு. இதனை வாயுத் தொல்லை எனக் கருதிப் பலர் ஆண்டுக்கணக்கில் புறக்கணிக்கின்றனர். மாரடைப்பின் வலியும் மேல்வயிற்றில் தோன்றக்கூடும் என்பதால், புதிதாக வரும் கடும் வலியை வீட்டிலேயே இன்னதென முடிவு செய்யலாகாது. பின்வருவனவற்றில் ஒன்று இருப்பினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

* ஐந்தாறு மணி நேரத்திற்கு மேல் தணியாத வலி (பித்தப்பை அழற்சி)
* வலியுடன் காய்ச்சல், குளிர் நடுக்கம்
* கண்ணும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் கரும்பழுப்பாதல், மலம் வெளிறுதல் (பித்தநாள அடைப்பு)
* முதுகுக்குப் பாயும் கடும் வலியும் ஓயாத வாந்தியும் (கணைய அழற்சி)

மருத்துவ முறைகள்

அறிகுறி இல்லாத கற்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. அறிகுறி உள்ள கற்களுக்குப் பித்தப்பையை நீக்குவதே உறுதியான தீர்வாகும். கல்லை மட்டும் எடுத்துப் பித்தப்பையை விட்டுவைத்தால் மீண்டும் கல் உருவாகும் வாய்ப்பு மிகுதி.

முதல் பித்தப்பை நீக்க அறுவையை 1882 இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் செய்தார். சிறு துளைகள் வழியே செய்யப்படும் லேப்பராஸ்கோப்பி முறையில் முதல் நீக்கத்தை 1985 இல் செருமனியில் எரிக் மியூயே செய்தார். இந்தியாவில் இம்முறையை 1990 இல் மும்பையில் தெகம்தன் உத்வாடியா தொடங்கி வைத்தார். இன்று இதுவே வழக்கமான முறையாகும். பலர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகின்றனர்.

மருந்தால் கரைக்கும் முறையும் உண்டு. கரடியின் பித்தநீரில் முதலில் அறியப்பட்ட உர்சோடீஆக்சிகோலிக் அமிலம், சுண்ணம் படியாத சிறிய கொலஸ்டிரால் கற்களை மெல்லக் கரைக்கவல்லது. இதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். கரைந்த பின்னரும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் கல் மீண்டும் உருவாகிறது. நிறமிக் கற்களில் இது பயன்படுவதில்லை.

பித்தப்பை நீக்கிய பின் உணவு

பித்தப்பை இன்றியும் செரிமானம் நடைபெறும். கல்லீரல் வழக்கம்போலப் பித்தநீரைச் சுரக்கிறது. அது சேமிக்கப்படாமல் நேரே குடலுக்குள் சிறிது சிறிதாக வடிகிறது. முதல் சில வாரங்களில் கொழுப்பைக் குறைத்து, சிறிய அளவுகளில் உண்பது சிலருக்கு வசதியாக இருக்கும். சிலருக்கு, பெருங்குடலை அடையும் பித்த உப்புகளால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம்; இது பெரும்பாலும் காலப்போக்கில் குறையும். குறையாவிடின் அதற்கு மருந்து உண்டு. அதன்பின் பெரும்பாலோர் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம். வாழ்நாள் முழுவதும் பத்தியம் தேவையில்லை.

இவற்றையும் பார்க்க

* கல்லீரல்
* பித்தநீர்
* கணைய அழற்சி
* மஞ்சள் காமாலை
* சிறுநீரகக் கல்
* சித்த மருத்துவம்
* கொலஸ்டிரால்

குறிப்பு: இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது; மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அன்று.